மூடி திறந்த கதை

டப்பாவில் உணவை அடைத்து வைக்கக் கற்றுக்கொண்ட மனுஷன், அந்த டப்பாவை வெறுங்கையால் திறக்கக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ 150 வருஷம் எடுத்துக்கொண்டான். முதல் டின் உணவுத் தொழிற்சாலை 1813-ல் ஆரம்பித்தது. விரலை விட்டு இழுத்தால் திறக்கிற வளைய மூடி கடைக்கு வந்தது 1962-ல். நடுவில் ரயில் வந்தது, டெலிபோன் வந்தது, ஆகாய விமானம் வந்தது, அணுகுண்டே வந்துவிட்டது. இந்த மூடிக்கு மட்டும் அவ்வளவு நாள் பிடித்தது.

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "சரித்திரமா இருக்கணும், ஆனா நம்ம தொழில் சம்பந்தமாவும் இருக்கணும்" என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். அண்ணனூரில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் அம்பத்தூர். 1964-ல் தொடங்கிய அந்த எஸ்டேட்டில் பவர் பிரஸ் அடிக்கிற சத்தம் கேட்காத தெரு குறைவு. நம்மில் பல பேருக்குச் சோறு போடுவதே அந்தச் சத்தம்தான். டப்பா மூடியும் பிரஸ்ஸில் அடிக்கிற சாமான்தானே என்று இதை எடுத்துக்கொண்டேன்.

உணவைக் கெடாமல் வைக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் நிகோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். நெப்போலியன் காலத்து அரசாங்கம் 1810-ல் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அவர் பயன்படுத்தியது கண்ணாடி பாட்டில். கார்க்கை இறுக்கி, கொதிநீரில் வைத்து எடுப்பார். கிருமியால்தான் உணவு கெடுகிறது என்பது அப்போது நிரூபணமாகவில்லை. ஏன் கெடாமல் இருக்கிறது என்று தெரியாமலே கெடாமல் வைத்தார்! அதே வருஷம் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகர டப்பாவுக்குப் பேடண்ட் வாங்கினார். அதைத் தொழிலாக்கியவர் பிரையன் டான்கின். காகிதம் செய்யும் மெஷினை உருப்படியாக ஓட வைத்த எஞ்சினியர் அவர்தான். அவரும் ஜான் ஹாலும் சேர்ந்து பெர்மாண்ட்சியில் தொழிற்சாலை போட்டார்கள். முதல் வாடிக்கையாளர்கள் ராணுவமும் கப்பல் படையும்.

அந்த டப்பா இன்றைய டப்பா மாதிரி இல்லை. கனமான இரும்புத் தகடு, மேலே ஈயப்பூச்சு, எல்லாம் கையால் பற்றவைத்தது. வட துருவப் பக்கம் 1824-ல் போன பாரியின் கப்பல்களில் இருந்த டின் ஒன்றில், மேல் விளிம்பை ஒட்டி உளியும் சுத்தியலும் வைத்து வெட்டுக என்கிற பொருளில் குறிப்பு இருந்தது. முதல் வருஷ ஃபிட்டிங் ஷாப்பில் உளி பிடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ஆடுகிற கப்பலில், விறைத்த கையோடு, சாப்பாட்டுக்காக அதைச் செய்ய வேண்டும். சிப்பாய்கள் பயனெட்டால் குத்தித் திறந்தார்கள். அடைத்தவனுக்குத் திறப்பவனைப் பற்றிய கவலை இல்லை. சரக்கை வாங்கியது சாப்பிடுகிற ஆள் இல்லை, அரசாங்கம். காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

தகடு மெல்லிசான பிறகுதான் டப்பா ஓபனருக்கே வழி பிறந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸ் 1855-ல் ஒன்று செய்தார். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் 1858-ல் பேடண்ட் வாங்கினார். அது பாதி அரிவாள், பாதி பயனெட் மாதிரி ஒரு கருவி. வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்து, மளிகைக் கடைக்காரரே டப்பாவைத் திறந்து கொடுத்து அனுப்பினாராம். 1870-ல் வில்லியம் லைமன் சுழலும் சக்கரம் வைத்த ஓபனர் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், அமெரிக்க ராணுவம் கட்டைவிரல் நீளத்தில் பி-38 என்ற மடக்கு ஓபனர் செய்து சிப்பாய்களுக்குக் கொடுத்தது. இதெல்லாம் ஓபனரின் முன்னேற்றம்தான். மூடி தன் இடத்திலேயே இருந்தது.

மூடியையே மாற்றலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. நியூயார்க்கின் ஆஸ்டர்ஹவுட் 1866-லேயே, சாவி கொண்டு சுருட்டித் திறக்கும் டின்னுக்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். தகட்டில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சாவியின் ஓட்டையில் அதை மாட்டி முறுக்கினால் ஒரு பட்டை கிழிந்து சாவியில் சுருண்டுகொள்ளும். மத்தி மீன் டின், மாட்டிறைச்சி டின்னில் எல்லாம் இது ரொம்ப நாள் ஓடியது. இதில் இரண்டு தொல்லை. சாவி தொலைந்தால் டப்பா மறுபடி இரும்புக் கட்டிதான். பட்டை பாதியில் கோணலாகக் கிழிந்தால் மிச்சத்தைத் திறக்கப்போய் விரல் கிழியும்.

நம் நாட்டுக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. ஜாம்ஷெட்பூர் கோல்முரியில் 1920-ல் டின்பிளேட் கம்பெனி ஆரம்பமானது. பர்மா ஆயில் கம்பெனியும் டாடாவும் சேர்ந்து போட்டது. பர்மா ஆயிலுக்கு எதற்குத் தகரம்? மண்ணெண்ணெய் டின்னுக்கு! (அந்தக் கம்பெனி 2024-ல் டாடா ஸ்டீலோடு இணைந்துவிட்டது.) கல்கத்தாவில் 1930-ல் கே.சி. தாஸ் கடை ரசகுல்லாவை டின்னில் அடைத்தது. 1933-ல் மெட்டல் பாக்ஸ் கம்பெனி இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் தொடங்கியது. சென்னையிலும் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. 1980-களின் கடைசியில் அது நொடித்துப்போகும் வரை இந்தியாவில் டப்பா என்றாலே அந்தப் பெயர்தான். 1937-ல் டால்டா வந்தது.

டால்டா டப்பா பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நெய்யெல்லாம் தீர்ந்த பிறகுதான் அதற்கு உண்மையான உத்தியோகமே! அரிசி வைக்க, துளசி நட, தண்ணீர் மொள்ள, இன்னும் எழுதக் கூசுகிற காரியத்துக்கும் அதுதான். நம் ஊரில் டப்பா வாங்குகிறவர் உள்ளே இருப்பதை மட்டுமா வாங்குகிறார்? டப்பாவையும் சேர்த்துத்தான். அதனால்தான் இங்கே நெம்பித் திறக்கிற மூடி அவ்வளவு காலம் நிலைத்தது என்று நினைக்கிறேன். அமுல்ஸ்பிரே, லாக்டோஜன் டின்களை நினைத்துப் பாருங்கள். ஸ்பூன் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினால் 'டக்'கென்று மூடி எழும்பும். அமுக்கினால் மறுபடி உட்காரும். பெயிண்ட் டின்னும் அதே ஜாதி. எஞ்சினியரிங்கில் பார்த்தால் இது அழகான வேலை: மூடியின் ஓரமும் வாயின் வளையமும் உரசிப் பிடிக்கிற பிடிதான் பூட்டு. ஆனால் பவுடருக்கும் பெயிண்டுக்கும்தான் இது சரிப்படும். கொதிக்க வைத்துக் கிருமி நீக்கிய மீனுக்கோ சோடாவுக்கோ ஆகாது. உள்ளே அழுத்தம் ஏறினால் மூடி பறந்துவிடும்.

கடல் தாண்டிய நம்மவர்களும் டின்னை விட்டதில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் ஒரு காலத்தில் காலி பால் டின்னில்தான் காபி பார்சல் கட்டுவார்கள். முழுக்க வெட்டாமல் தொங்க விட்ட மூடியும், பிடிக்க ஒரு கயிறும் இருக்கும். இலங்கையில் பல வீடுகளில் அரிசி அளக்கிற சுண்டு, பால் டின்தான். அங்கே 425 கிராம் டின் மீன் இல்லாத கடையைக் காண்பது கஷ்டம்.

இனி 1959-க்கு வருவோம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், டேட்டன் நகரம். எர்மல் ஃப்ரேஸ் என்பவர் அங்கே ஒரு டூல் ரூம் முதலாளி. விவசாயக் குடும்பத்துப் பையன், எஞ்சினியரிங் படித்து 1949-ல் சொந்த டூல் கம்பெனி ஆரம்பித்தவர். குடும்பத்தோடு பிக்னிக் போனார், ஓபனர் எடுத்துப்போக மறந்துவிட்டார்கள், கார் பம்பரில் வைத்து டின்னைத் திறந்தார். அந்தக் கடுப்பில் யோசனை பிறந்தது என்பார்கள். பத்திரிகைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்கு அவர் பின்னால் சொன்ன ஒரு விஷயம்தான் பிடித்தது. சுலபமாகத் திறக்கும் மூடியை நான் கண்டுபிடிக்கவில்லை, அதற்காகப் பல காலமாகப் பல பேர் முயன்றார்கள்; வளையத்தை மூடியோடு பிணைக்கிற முறையை மட்டும்தான் நான் உண்டாக்கினேன் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அது தன்னடக்கம் இல்லை, துல்லியமான டெக்னிகல் பதில்.

ஏனென்றால் பிரச்சினையே அங்கேதான் இருந்தது. தகட்டில் பள்ளமாக ஒரு கோடு போட்டால் அந்த இடம் கிழியும் என்பது 1866-லேயே தெரியும். அதைப் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி வேண்டும். கைப்பிடியை எப்படி ஒட்டுவது? பற்றவைத்தால் பூச்சு கருகும், செலவும் தாங்காது. தனி ரிவெட் அடித்தால் மூடியில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்டால் கேஸ் கசியும், கிருமி நுழையும். ஃப்ரேஸ் மூடித் தகட்டிலிருந்தே ரிவெட்டை எழுப்பினார். முதல் ஸ்டேஷனில் நடுவில் குமிழ் மாதிரி ஒரு மேடு. அடுத்த ஸ்டேஷனில் அதே மேடு ஒடுங்கி உயர்ந்து பட்டன் ஆகும். பிறகு வளையத்தின் ஓட்டை அந்தப் பட்டன் மேல் வந்து உட்காரும். கடைசி அடியில் பட்டன் தலை நசுங்கி வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். தகடு எங்கேயும் துளைபடவில்லை. டிராயிங் படித்த எந்த ஜூனியரும் "அட, இவ்வளவுதானா?" என்பான். 0.2 மில்லிமீட்டர் சொச்சம் தகட்டில், கிழியாமல் அந்தக் குமிழை இழுத்துக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

காலமும் கூடி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1960-ஐ ஒட்டித்தான் அமெரிக்க பீர் டின்களில் இரும்பு உடம்புக்கு அலுமினிய மூடி வரத் தொடங்கியது. விரலால் கிழிக்க அலுமினியம்தான் ஒத்துவந்தது. உரிமையை அல்கோவா கம்பெனி வாங்கியது. 1962-ல் பிட்ஸ்பர்க்கின் அயர்ன் சிட்டி பீர் முதலில் போட்டது, 1963-ல் ஷ்லிட்ஸ் நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதற்கப்புறம் ஓபனர் தேவைப்படுகிற பீர் டின்னுக்கு மவுசு போய்விட்டது.

இப்போது ஒரு கணக்கு. சோடா டின்னின் மூடி சுமார் 6 பார் அழுத்தம் தாங்க வேண்டும். வெயிலில் நிற்கிற லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியின் விட்டத்தை 50 மில்லிமீட்டர் என்று வைத்தால் பரப்பு 1,963 சதுர மி.மீ. 6 பாரில் அது வாங்குகிற விசை சுமார் 1,178 நியூட்டன், அதாவது 120 கிலோ. உள்ளேயிருந்து ஒரு குண்டு ஆசாமி ஏறி மிதிக்கிற மாதிரி! அதற்கு அசையக்கூடாது. ஆனால் வெளியிலிருந்து ஒரு பாட்டியம்மா ஒன்றிரண்டு கிலோ விசையில் வளையத்தைத் தூக்கினால் உடனே திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே தகடு செய்கிறது.

எப்படிச் செய்கிறது என்றால், பாதி வேலை நெம்புகோல், பாதி வேலை ஸ்கோர். வளையத்தின் பின் முனை ரிவெட்டிலிருந்து தூரம், மூக்கு கிட்டே. ஏறத்தாழ மூன்று மடங்கு லாபம் கிடைக்கிறது. ஸ்கோர் என்கிற அந்தப் பள்ளக் கோட்டின் அடியில் மிஞ்சும் தகடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மேலே கூர்மையான பஞ்ச், கீழே தட்டையான ஆன்வில். இரண்டும் எவ்வளவு நெருங்குகிறது என்பதுதான் எல்லாம். பத்து மைக்ரான் கூடினால் மூடி திறக்காது, வளையம் மட்டும் கையோடு வரும். பத்து மைக்ரான் குறைந்தால் கோடவுனிலேயே கசியும்.

பிரஸ் ஷாப் ஆட்களுக்கு இங்கே இன்னொரு சங்கதி. நிமிஷத்துக்கு 500 அடிக்கு மேல் ஓடுகிற பிரஸ் சூடேறும். சூடேறினால் ராம், ஃபிரேம் எல்லாம் வளரும். வேகம் மாறினாலே கீழ்ப் புள்ளி இறங்கும். காலையில் செட் பண்ணிய டூல் மதியம் அதே டூல் இல்லை. பிராக்கெட்டும் வாஷரும் அடிக்கிறவர்கள் இதைக் கண்டுகொள்ள மாட்டோம். மூடி அடிக்கிறவனுக்கு அது சோற்றுப் பிரச்சினை. இன்னொன்று, ஸ்கோர் போடும்போது நசுங்குகிற உலோகம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அதற்காகப் பக்கத்திலேயே ஆழம் குறைந்த இன்னொரு கோடு போடுவார்கள். அடுத்த தடவை கூல்டிரிங்க்ஸ் டின் வாங்கினால் உற்றுப் பாருங்கள், ஒரு கோடு இல்லை, இரண்டு இருக்கும்.

வளையம் வந்ததும் அமெரிக்கக் கடற்கரை, பூங்கா எல்லாம் வளையக் குப்பை. செருப்பில்லாமல் நடந்தவர் காலைக் கிழித்தது. குப்பை போடக்கூடாது என்று நல்லெண்ணத்தோடு வளையத்தை டின்னுக்குள்ளேயே போட்டுக் குடித்தவர்கள் சிலர் அதை விழுங்கினார்கள். அலுமினியம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, டாக்டர்கள் தவித்தார்கள். 1971-ல் ஆரிகன் மாநிலம் கழன்று வருகிற வளையத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. 1975-ல் ரெனால்ட்ஸ் கம்பெனியின் டேனியல் குட்ஸிக், வளையம் மூடியிலேயே தங்கிவிடுகிற வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்று நம் கையில் இருப்பது அதன் வாரிசு. நெம்புகோல் பாடத்துக்கு இதைவிட நல்ல மாடல் கிடையாது. வளையத்தைத் தூக்கும்போது முதலில் மூக்குதான் ஊன்றுபுள்ளி, நடுவில் ரிவெட் எழும்புகிறது: இரண்டாம் வகை நெம்புகோல். ரிவெட் ஓரத்து ஸ்கோர் உடைந்து 'புஸ்' என்று கேஸ் போகிறது. அந்தக் கணத்திலிருந்து ரிவெட் ஊன்றுபுள்ளி ஆகிவிடுகிறது, மூக்கு கீழே அமுக்குகிறது: முதல் வகை. ஒரே தூக்கில் வகை மாறிவிடுகிறது. கேஸ் முதலில் வெளியேறாவிட்டால், திறக்கும்போது அந்த நாக்கு எகிறி அடிக்கும்.

உணவு டின் மூடி இதைவிடக் கஷ்டம். அதில் சின்ன வாய் போதாது, மூடி முழுக்கக் கழன்று வர வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகள் நிறைய. அங்கிருந்து போகிற 3.1 கிலோ டின் ஹோட்டலுக்கும் ஐஸ்கிரீம் கம்பெனிக்கும். அவர்களிடம் பெரிய ஓபனர் உண்டு. துபாயிலோ லண்டனிலோ இருக்கிற நம்மவர் வீட்டுக்குப் போவது 850 கிராம் டின். அந்த அளவுக்குத்தான் வளைய மூடி அவசியம். மாங்கூழுக்குப் புளிப்பு உண்டு, பி.எச். 4.6-க்குக் கீழே, கொதிநிலை வெப்பமே போதும். மீனுக்கு அப்படி இல்லை. பொட்டுலினம் கிருமியின் வித்தைக் கொல்ல 121 டிகிரியில் நீராவிக் கலத்தில் வேக வைக்க வேண்டும். சூட்டில் மூடி வெளியே உப்பும், ஆறும்போது வெற்றிடம் உள்ளே இழுக்கும். ஸ்கோர் இருக்கிற மூடி இரண்டையும் தாங்க வேண்டும். அதற்குத்தான் மூடியில் வட்டம் வட்டமாக அலை போட்டிருப்பது. டிசைன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே மயிரிழை விரிசல் விழுந்தால் கிருமி உள்ளே போகும், அது சாப்பிடுகிறவர் உயிர் சம்பந்தப்பட்டது. இரும்பு மூடி என்றால் ஸ்கோர் போட்ட இடத்தில் ஈயப்பூச்சு வெட்டுப்பட்டிருக்கும், சென்னைக் காற்றில் துருப்பிடிக்கும். அதன்மேல் தனியாக லாக்கர் பூசி ஆற்ற வேண்டும்.

திறந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. கழன்று வந்த மூடியின் ஓரம் பிளேடுதான். வீட்டில் டப்பா திறந்து கையைக் கிழித்துக்கொண்டவர்களைக் கேட்டால் பாதிப் பேர் மூடியைச் சொல்வார்கள், மீதிப் பேர் டப்பாவுக்குள் விட்ட விரலைச் சொல்வார்கள். இதற்காக ஓரத்தை மடித்து விடுகிற மூடி வந்தது. பிறகு உலோக வளையத்தின் மேல் ஃபாயிலை ஒட்டி, உரித்து எடுக்கிற மூடி வந்தது. பால் பவுடர் டின்னில் இப்போது அதுதான். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியும் உண்டு.

ஆவடி நண்பர்கள் ராணுவத்தை விட்டுவிட்டாயே என்பார்கள். 1961-ல் மைசூரில் தொடங்கிய ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம், டின்னுக்குப் பதிலாக வேகவைத்து மூடிய உறையைக் கொண்டுவந்தது. சிப்பாய் கையால் கிழித்தால் போதும், காலி உறைக்குப் பாரமும் இல்லை. டின் யாருக்காகப் பிறந்ததோ அவர்களே அதைக் கழற்றிவிடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கூல்டிரிங்க்ஸ் டின் குறையவில்லை. நமக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் பால் கம்பெனி (பசும்பால் இல்லை, பந்து என்று அர்த்தம் வருகிற பால்) டின் தொழிற்சாலை வைத்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் நம் பக்கத்து மளிகைக் கடைகளில் 15 கிலோ எண்ணெய் டின்னை ஸ்க்ரூடிரைவரும் ஒரு கல்லும்தான் திறக்கிறது. எதிரெதிர் மூலையில் இரண்டு ஓட்டை, ஒன்று எண்ணெய்க்கு, ஒன்று காற்றுக்கு. பிறகு அந்த டின் காயலாங்கடைக்குப் போகிறது, அல்லது பலகாரக் கடைக்கு.

வெவ்வேறு மூடிகளை அறுத்து, ரெசினில் பதித்து, பாலிஷ் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்கோர், ரிவெட், அலை எல்லாம் வெட்டுத்தோற்றத்தில் தெரியும். ரீயூனியன் அன்று மாலை டீ நேரத்தில் மெக்கானிக்கல் பிளாக் வராந்தா மேஜையில் வைக்கிறேன். லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. கையில் இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வரவும்.